அப்படியொரு டெஸ்ட் இல்ல தம்பி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மனநல மருத்துவர் ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நாலு மாதமாகத் தூக்கம் சரியில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது. ஆபீஸில் பத்து வரி கோடைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். "மூளையில செரடோனின்னு ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை அதுல வேலை செய்யும். ஆறு வாரம் பொறுங்க" என்றார்.

"அது எவ்வளவு இருக்குன்னு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டிருப்பார்கள் போல. "அப்படியொரு டெஸ்ட் இல்ல தம்பி" என்றார்.

எனக்கு அது உறுத்தலாக இருந்தது. எங்கள் வீட்டு பீரோவில் ஒரு நீல நிற ஃபைல் உண்டு. அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டுகள், அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட்டுகள் எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கும். அப்பாவுக்கு நடைப்பயிற்சி போக மனமில்லை என்றால் அம்மா அந்த ஃபைலைத்தான் எடுப்பார். எண்ணுக்கு முன்னால் யாரும் வாதாட முடியாது. எனக்கும் அப்படி ஒரு எண் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நடப்பது சோம்பேறித்தனம் இல்லை என்று நிரூபிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது.

அன்றிரவு தேட ஆரம்பித்தேன். மருத்துவர் சொன்னது சரிதான், அப்படி ஒரு டெஸ்ட் இன்று இல்லை. ஆனால் ஏறக்குறைய இருபது வருடங்கள், உலகின் நல்ல ஆய்வகங்கள் பலவும் அப்படி ஒன்றைக் கட்டி முடிக்கப் பார்த்தன. மூளையைத் தொடாமல், கையில் எடுத்த ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அளந்து, மூளையின் செரடோனினைப் படிக்கும் முயற்சி. அந்தக் கதைதான் இது.

முதலில், ரத்தத்திலேயே செரடோனின் இருக்கிறதே, அதையே அளந்தால் என்ன? இருக்கிறதுதான். அது முதலில் கிடைத்ததே அங்கேதான். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வைன் பேஜ் ஆகிய மூவர், ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளை ரத்தத்தின் சீரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அவர்களுக்கு முன்பே, 1930களில், இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பமர் இதே பொருளைக் குடலில் கண்டு வேறொரு பெயர் வைத்திருந்தார். இரண்டும் ஒன்றே என்று 1952இல் தெளிவானது. மூளையில் அது இருக்கிறது என்று காட்டியவர் பெட்டி ட்வாரோக் என்ற இளம் ஆராய்ச்சியாளர். கடல் மட்டியின் தசையை ஆராய்ந்துகொண்டிருந்தவர், பேஜின் ஆய்வகத்துக்கு வந்து 1953இல் பாலூட்டிகளின் மூளையில் செரடோனின் இருப்பதை நிறுவினார்.

உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதைத் தட்டணுக்கள் சேமித்து வைத்துக்கொள்கின்றன. மூளையில் இருப்பது மிகச் சொற்பம். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பைச் செரடோனினால் கடக்க முடியாது. அதனால் ரத்தத்தின் அளவு மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது. எனக்கு எழுதிய வகை மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டவரின் ரத்தத்தை அளந்தால் செரடோனின் நன்றாகக் குறைந்திருக்கும். காரணம், தட்டணுக்கள் செரடோனினை உள்ளிழுக்கும் வாசலையும் அதே மாத்திரை அடைத்துவிடுகிறது. அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் மருந்து விஷம் என்று முடிவுகட்டிவிடுவோம்.

விலங்குகளில் இந்தச் சிக்கல் இல்லை. 1955இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்டு பிராடியின் குழு, முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தது. நம் ஊர் சர்ப்பகந்தாவிலிருந்து வந்த அதே மருந்துதான். முயலின் மூளையை எடுத்து அளந்தபோது செரடோனின் மளமளவென்று குறைந்திருந்தது. ஒரு மருந்து மூளையின் ரசாயனத்தை மாற்றுகிறது என்பதற்கு நேரடி எண் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணுக்கு முயல் தன் மூளையைக் கொடுத்தது.

மனிதர்களிடம் கேட்க முடிந்தது முதுகுத்தண்டு நீரைத்தான். ஸ்வீடனின் மாரி ஆஸ்பெர்க் 1976இல் மனச்சோர்வு நோயாளிகளின் முதுகில் ஊசி குத்தி எடுத்த நீரில், செரடோனின் சிதைந்து மிஞ்சும் பொருளை அளந்தார். அது குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் அதிகம் இருந்தன, அதுவும் கொடூரமான வழிகளில். முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனாலும் அது மிச்சத்தை அளப்பது. கல்யாண வீட்டில் எச்சில் இலைகளை எண்ணிப் பந்தி எப்படி நடந்தது என்று சொல்வது மாதிரி. அந்த நொடியில் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று இலை சொல்லாது.

இந்த இடத்தில்தான் ஹார்மோன் வருகிறது. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சிறு பகுதி. அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்குவது பிட்யூட்டரி. மேலே இருப்பது உத்தரவு போடும், கீழே இருப்பது ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். மூளைத் தண்டிலிருந்து கிளம்பும் செரடோனின் நரம்புகளில் சில ஹைபோதலாமஸுக்கும் போகின்றன. அங்கே செரடோனின் சுரந்தால் பிட்யூட்டரியிலிருந்து புரோலாக்டின் கூடும், கார்ட்டிசாலும் கூடும். புரோலாக்டின் என்பது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு. மூளைக்குள் நடந்த ஒரு செயலின் விளைவு, பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வரும் தாளிப்பு வாசனைபோல, கையில் ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அந்த வாசனையைப் பிடிக்க மூக்கு வேண்டுமே. ரத்தத்தில் ஹார்மோன்கள் இருப்பது நம்ப முடியாத அளவுக்குச் சிறிய அளவில். அதை அளக்கும் வழியைத் தந்தவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோ இயற்பியல் படித்தவர், பெர்சன் மருத்துவர். ஒரு ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும், கதிரியக்க முத்திரை குத்திய அதே ஹார்மோனை அதோடு கலக்க வேண்டும். பிறகு நோயாளியின் ரத்தத்தைச் சேர்த்தால், அதிலுள்ள ஹார்மோன் முத்திரை குத்தியதோடு இடத்துக்குப் போட்டி போடும். எவ்வளவு முத்திரை வெளியே தள்ளப்பட்டது என்று எண்ணினால் அளவு கிடைத்துவிடும். 1950களின் கடைசியில் இன்சுலினுக்காகச் செய்தார்கள். காப்புரிமை வாங்கவில்லை. பெர்சன் 1972இல் இறந்துபோனார். 1977இல் நோபல் வந்தபோது யாலோ மட்டுமே வாங்கிக்கொண்டார். ஹைபோதலாமஸ் அனுப்பும் உத்தரவுகளைப் பிரித்தெடுத்த ரோஜர் கில்லமனும் ஆண்ட்ரூ ஷாலியும் அதே பரிசின் மறுபாதியைப் பெற்றார்கள். மனிதப் புரோலாக்டினை இந்த முறையில் அளப்பது 1971இல் கனடாவின் ஹென்றி ஃப்ரீசன் குழுவால் சாத்தியமானது.

சாளரமும் கிடைத்தது, அளவுகோலும் கிடைத்தது. இனி ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

என் தொழிலில் இது தினசரி வேலை. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க அனுமதி இல்லாத ஒரு சர்வர் இருக்கிறது என்று வையுங்கள். தெரிந்த ஒரு கோரிக்கையை அனுப்புவோம், என்ன பதில், எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்வோம். நேற்று வந்த பதிலும் இன்று வரும் பதிலும் வேறாக இருந்தால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. மருத்துவர்கள் அனுப்பிய கோரிக்கை ஒரு மருந்து. சிலர் டிரிப்டோஃபானை நரம்பு வழியாக ஏற்றினார்கள், செரடோனின் செய்ய மூளைக்கு வேண்டிய மூலப்பொருள் அது. சிலர் ஃபென்ஃப்ளூரமின் மாத்திரை கொடுத்தார்கள். உடல் எடை குறைக்க விற்கப்பட்ட மருந்து. நரம்பு முனைகளில் சேமித்து வைத்த செரடோனினை வெளியே தள்ளும்.

சோதனை பொதுவாக இப்படி நடக்கும். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. காலையில் வந்து படுத்ததும் கையில் ஒரு ஊசிக் குழாயைப் பொருத்திவிடுவார்கள். குத்தின பதற்றத்திலேயே புரோலாக்டின் ஏறும் என்பதால் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டும். பிறகு அடிப்படை அளவுக்கு ரத்தம் எடுப்பார்கள். அதன் பின் மருந்து, அப்புறம் சில மணி நேரத்துக்கு இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஒரு குப்பி ரத்தம். கடைசியில் கிடைப்பது ஒரு வளைவு: எவ்வளவு உயரம் ஏறியது, எப்போது இறங்கியது.

1984 இந்தத் துறைக்கு நல்ல வருடம். யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஹெனிங்கர், டென்னிஸ் சார்னி குழுவினர், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டிரிப்டோஃபான் ஏற்றியபோது புரோலாக்டின் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறுகிறது என்று கண்டார்கள். வேறு குழுவினர் ஃபென்ஃப்ளூரமினில் அதையே பார்த்தார்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு கட்டுரை. நோயாளிகளுக்கு அமிட்ரிப்டிலின், டெசிப்ரமின் என்ற மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்த பிறகு சார்னி குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தது. இப்போது புரோலாக்டின் வளைவு முன்பைவிட உயரமாக ஏறியது. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் மூளையில், மருந்து செரடோனின் வழியைப் பலப்படுத்துகிறது என்பதற்கு ஒரு தடயம். லித்தியம் கொடுத்தாலும் வளைவு உயர்கிறது என்று பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் காட்டினார்கள். முயல் சாகவில்லை, யாருடைய முதுகிலும் ஊசி ஏறவில்லை. நான் மருத்துவரிடம் கேட்ட டெஸ்ட் கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பிறகு பக் ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்தன.

ஆக்ஸ்ஃபோர்டில் கை குட்வின், பிலிப் கோவன் முதலியோர் ஆரோக்கியமானவர்களை மூன்று வாரம் டயட்டில் இருக்கச் சொல்லிவிட்டு டிரிப்டோஃபான் சோதனை செய்தார்கள். பெண்களிடம் புரோலாக்டின் வளைவு உயர்ந்தது, ஆண்களிடம் அப்படி மாறவில்லை. மனச்சோர்வு வந்தால் பலருக்குச் சாப்பாடு இறங்காது, எடை குறையும். அப்படியானால் அளப்பது மனச்சோர்வையா, பட்டினியையா? வயது, பால், மாதவிடாய்ச் சுழற்சியின் நாள், ஈஸ்ட்ரோஜன் எல்லாமே வளைவை நகர்த்தும். புரோலாக்டினின் பிரதான கடிவாளம் டோபமின். அதைத் தொடும் எந்த மருந்தும் கணக்கைக் குழப்பிவிடும். இதற்கு நடுவே ஹெர்பர்ட் மெல்ட்சர் என்பவர் டிரிப்டோஃபானுக்கு அடுத்த படியிலுள்ள மூலப்பொருளைக் கொடுத்துக் கார்ட்டிசாலை அளந்தார். மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது குறைவாக அல்ல, அதிகமாக ஏறியது. ஒரே அமைப்பு, ஒரே நோய். ஒரு மானி குறைவு என்கிறது, இன்னொன்று அதிகம் என்கிறது.

அது மட்டும் இல்லை. சாளரம் ஹைபோதலாமஸில்தான் இருக்கிறது. பதில் ஏன் குறைந்தது? செரடோனின் குறைவாக வெளிவந்ததா, அதை வாங்கும் ஏற்பிகள் மந்தமானதா, பிட்யூட்டரியே சோர்ந்துபோனதா? வளைவு சொல்லாது. அங்கே நடப்பதுதான் மூளையின் மற்ற பகுதிகளிலும் நடக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு சர்வர் மெதுவாகப் பதில் சொல்கிறது என்பதை வைத்து டேட்டாபேஸில் கோளாறு என்று எழுதினால் என் மேனேஜர் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதன் பிறகு கருவிகளே ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கடும் தசைவலியும் ரத்த அணு மாற்றமும் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். பெரும்பாலான பாதிப்புகள் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்போடு தொடர்புபட்டிருந்தன. சந்தையிலிருந்து டிரிப்டோஃபான் திரும்பப் பெறப்பட்டது. 1997 ஜூலையில் மேயோ கிளினிக் மருத்துவர்கள், ஃபென்ஃப்ளூரமினை இன்னொரு மருந்தோடு சேர்த்து எடைக்குறைப்புக்காகச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருப்பதை அறிவித்தார்கள். செப்டம்பரில் அந்த மருந்து சந்தையை விட்டே போனது. வால்விலும் செரடோனின் ஏற்பிகள் உண்டு. மூளையைத் தட்டுவதாக நினைத்த விரல் வேறொரு கதவையும் தட்டிக்கொண்டிருந்தது. எடைக்காக மாதக்கணக்கில் சாப்பிடுவதும் சோதனைக்காக ஒருமுறை சாப்பிடுவதும் ஒன்றல்லதான். ஆனாலும் அதற்குப் பிறகு ஓர் ஆரோக்கியமான மனிதருக்கு அதைக் கொடுப்பதை யாரால் நியாயப்படுத்த முடியும்?

இந்தக் கதையில் நான் நெடுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. 1989இல் எமில் கோக்காரோ குழுவினர் 45 ஆண் நோயாளிகளிடம் ஃபென்ஃப்ளூரமின் சோதனை செய்தார்கள். புரோலாக்டின் குறைவாக ஏறுவதற்கும் தற்கொலை முயற்சிக்கும் தொடர்பு தெரிந்தது. ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடம் சட்டென்று பொங்கும் வன்முறையோடும் தொடர்பு தெரிந்தது. உடனே அடுத்த கேள்வி பிறந்தது. வன்முறையை முன்கூட்டியே, சிறுவயதிலேயே அளந்துவிட முடியுமா?

நியூயார்க்கில் 34 சிறுவர்களிடம் அந்தச் சோதனை நடந்தது. தொடக்கப்பள்ளி வயது. குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அண்ணன்களின் தம்பிகள் என்பதுதான் அவர்களைத் தேர்ந்தெடுத்த காரணம். பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானிக் குடும்பங்கள். பெற்றோருக்குப் பணம் தரப்பட்டது. அதே பட்டினி, அதே ஊசிக் குழாய், அதே ஃபென்ஃப்ளூரமின். முடிவு 1997இல் வெளியானது. பெரியவர்களிடம் கண்டதற்கு நேர்மாறாக, முரட்டுத்தனம் அதிகமிருந்த சிறுவர்களிடம் புரோலாக்டின் அதிகமாக ஏறியது. மறு வருடம் இது பத்திரிகைகளுக்கு வந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. எந்த நோய்க்கும் சிகிச்சை தேடி வராத குழந்தைகளுக்கு, அவர்களுக்கு எந்தப் பலனும் இல்லாத ஒரு மருந்தை எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் எண்ணைக் கேட்டது என் மேல் எனக்கே இருந்த சந்தேகத்தைத் தீர்க்க. அதே எண்ணை இன்னொருவர் கேட்கும்போது அது அடுத்தவர் மேல் உள்ள சந்தேகத்தை உறுதிப்படுத்த. அந்தத் தம்பிகளில் ஒருவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கையில் குழாயோடு கிடந்ததை நினைத்துப் பார்த்தேன். பீரோவில் ஃபைல் வைத்துக் காப்பாற்றும் எண் இல்லை அது. பள்ளிக்கூடத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அவனுக்கு முன்னால் போய் நிற்கக்கூடிய எண். நல்லவேளையாக, அந்த எண் வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இருபத்தோராம் நூற்றாண்டில் இந்த ஹார்மோன் சோதனைகள் மெல்ல ஓய்ந்துபோயின. மூளையை ஸ்கேன் செய்யும் முறைகள் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டன. 2022இல் ஜோவானா மான்கிரீஃப் குழுவினர் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, மனச்சோர்வுக்குக் காரணம் செரடோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், 17 நோயாளிகளுக்கும் 20 ஆரோக்கியமானவர்களுக்கும் செரடோனினை வெளியேற்றும் ஒரு மருந்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். நோயாளிகளிடம் செரடோனின் வெளியேறுவது குறைவாக இருந்தது என்றார்கள். சிறிய ஆய்வு, விவாதம் முடியவில்லை. ஆனால் முறையைக் கவனித்தீர்களா? ஒரு மருந்தைக் கொடு, என்ன பதில் வருகிறது என்று பார். 1984இன் அதே யோசனைதான், சாளரம் மட்டும் மாறியிருக்கிறது. ஃபென்ஃப்ளூரமின்கூட 2020இல் திரும்பி வந்தது, டிராவெட் என்ற அரிய வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு, இதயத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த முறை அந்தக் குழந்தைகளுக்கு அதனால் ஒரு பலன் உண்டு.

செரடோனின் குறைவு என்ற எளிய கதை தப்பு என்பதால் மாத்திரையும் தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருந்து வேலை செய்வது ஒரு கேள்வி, ஏன் செய்கிறது என்பது வேறு கேள்வி. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தவில்லை.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனேன். மருத்துவர் கையில் எந்த ரிப்போர்ட்டும் இல்லை. "காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்றார். ஐந்தரை என்றேன். "சாப்பாடு?" பரவாயில்லை என்றேன். "வேலை?" போன வாரம் ஒரு பழைய பக்கை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். மருந்து கொடுத்து, நேரம் விட்டு, பதிலைக் குறித்துக்கொள்கிறார். இதுவும் அதே சோதனைதான். ஆனால் பதில் சொல்வது என் பிட்யூட்டரி இல்லை, நான். ஐந்தரை என்பதை அவர் என் வாயிலிருந்துதான் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "டெஸ்ட் ஏதும் எடுத்தாங்களாடா?" கையில் அவருடைய தைராய்டு ரிப்போர்ட் இருந்தது. யாலோ கண்டுபிடித்த அளவுமுறையின் வழியில் வந்த எண்தான் அதுவும். பிட்யூட்டரியின் ஒரு ஹார்மோனைக் கையில் எடுத்த ரத்தத்தில் அளந்து, தைராய்டு எப்படி இருக்கிறது என்று சொல்வது. அங்கே அந்தச் சாளரம் கச்சிதமாக வேலை செய்கிறது.

"இல்லம்மா, கேள்விதான் கேட்டாங்க" என்றேன்.

"கேட்டாங்கல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கி நீல ஃபைலில் தன் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் வைத்தார்.